ஜபம் என்று நினைத்தது

ஜபத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடக் கூடாது. எங்கள் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். கரமனையில் நாங்கள் இருக்கும் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். காலையில் குளித்துவிட்டு இவர் கூடத்தில் மணையைப் போட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்துவிட்டால், காஸ் சிலிண்டர்காரன் வந்தாலும் நான்தான் போய்ப் பேச வேண்டும். எனக்கு வெளி ஆளிடம் பேச நாக்கு எழாது. சிலிண்டரைக் கையால் காட்டுவேன், உள்ளே கையைக் காட்டுவேன், அவன் புரிந்துகொள்வான்.

இவரும் ஜபத்தின் நடுவில் பேச மாட்டார். ஆனால் "ம்ம்!" என்பார். அந்த ஒரு சத்தத்தில்தான் எல்லாம். ஒரு நாள் நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே "ம்ம்! ம்ம்!" என்று கேட்டது. ஓடி வந்தேன். "என்ன, பூனையா? வாசல்ல யாராவது வந்திருக்காளா? தாம்பாளம் வேணுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இவர் விரலை அடுக்களைப் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டினார். நான் போவதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. ஜபம் முடிந்ததும் ஆரம்பித்தார்.

"எத்தனை தடவை ம்ம்னேன்! ஒண்ணாவது புரிஞ்சுதா நோக்கு?"

"எது பால் ம்ம், எது பூனை ம்ம்னு நேக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் தெரியலைங்கறா பாரு."

இதைச் சொல்லி வைத்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

போன மழைக்காலத்தில் இவருக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் எல்லோருக்கும்தான் வந்திருந்தது. மிளகு ரசம், கஞ்சி, பாரசிட்டமால் என்று பார்த்துக்கொண்டோம். தலைவலி மட்டும் போகவில்லை. நடுநடுவே எழுந்து வந்து, "எங்கேயோ ஏதோ தீயறது பாரு" என்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன், விளக்கைப் பார்ப்பேன், ஒன்றும் தீயவில்லை. சுரத்தில் நாக்கும் மூக்கும் கெட்டுப்போவது உண்டுதானே என்று விட்டுவிட்டேன். துண்டைக் கேட்க நினைத்துக் கிண்டிச் செம்பைக் கேட்டார். கொடுத்தால், "இது எதுக்கு?" என்று கோபித்துக்கொண்டார். தளர்ச்சி என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வெந்நீரில் குளித்துவிட்டு ஜபத்துக்கு உட்கார்ந்தார். மேல்துண்டால் கையை மூடிக்கொண்டார். உதடு அசைய ஆரம்பித்தது.

நேரமாயிற்று. கஞ்சி ஆறியது, சூடு பண்ணினேன், மறுபடியும் ஆறியது. எதிர்வீட்டில் இருக்கும் என் மச்சினர், இவருடைய தம்பி, வாசலில் செருப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். துண்டுக்குள் விரல்கள் நகர்கின்றன, உதடு அசைகிறது, கண் பாதி திறந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறது. மச்சினர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு பூனை மாதிரி பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.

"மன்னி, சுரம் விட்டுடுத்துன்னு நினைக்கறேன். இன்னிக்கு அண்ணா லயிச்சுப் போயிருக்கார். கூப்பிட்டுடாதேங்கோ" என்றார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுக்களை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இவர் முழங்கை பட்டுப் பஞ்சபாத்திரம் கவிழ்ந்தது. தண்ணீர் ஓடி இவருடைய வேஷ்டியை நனைத்தது. இவர் குனிந்து பார்க்கவில்லை. ஒரு "ம்ம்" இல்லை. அதைப் பார்த்து நான் எழுந்திருக்கும்போதே இவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

என் சத்தம் கேட்டு மச்சினர் ஓடி வந்தார். சாவிக்கொத்தை எடுத்து இவர் கையில் திணித்தார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சாவிக்கொத்து தெறித்து மூலையில் போய் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பையன்கள் சேர்ந்து காரில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் காஷுவாலிட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். பாறசாலைக்கு அந்தப் பக்கம், மார்த்தாண்டத்துப் பேச்சு. நாங்கள் பேசுவதைக் கேட்டதும் மலையாளத்தை விட்டுவிட்டுத் தமிழில் பேசினாள். முதலில் வலிப்பை நிறுத்த ஊசி போட்டார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"விழுறதுக்கு முன்னால எப்படி இருந்தாரு?"

"ஜபம் பண்ணிண்டிருந்தார்" என்றார் மச்சினர்.

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம். வழக்கத்தைவிட ஜாஸ்தி. பார்க்கவே திவ்யமா இருந்தது."

அவள் மச்சினருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். "அம்மா, ரெண்டு மூணு நாளா எங்கயோ கரியுற மணம் வருதுண்ணு சொன்னாரா? சாதனங்களோட பேரை மாத்திச் சொன்னாரா?"

எங்கள் அடுக்களைக்குள் வந்து பார்த்த மாதிரி கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

"மூளைக்காய்ச்சலாக்கும்னு நினைக்கேன். வைரஸ் போய் மூளையில வீக்கம் வந்திருக்கு. முதுகுத்தண்டுல ஊசி வச்சு நீர் எடுத்துப் பாக்கணும்."

மச்சினர் உடனே குறுக்கே வந்தார். "முதுகுல ஊசி போட்டா அப்புறம் எழுந்தே நடக்க மாட்டான்னு சொல்வாளே டாக்டர்! நாலு பேரைக் கேட்டுண்டு சொல்றோம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. ஊசி போடுற இடம் தண்டுவடம் முடியுறதுக்குக் கீழயாக்கும், ஒண்ணும் ஆகாது. தலையில ஸ்கேன் பாத்தாச்சு, ஊசி வைக்கத் தடை இல்ல. நீங்க நாலு பேரைக் கேளுங்க, நான் மருந்தைத் தொடங்கியாச்சு."

"ரிசல்ட் வரதுக்கு முன்னாடியா?"

"வீடு பத்தும்போது யாரு பத்த வச்சாண்ணு பாத்துட்டா வெள்ளம் கோருவீங்க?" தண்ணீர் மொள்வதைத்தான் அவள் பேச்சில் அப்படிச் சொன்னாள்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண்ணுக்குப் போன் போட்டோம். அவள், "அம்மா, நீ கையெழுத்துப் போடு, சித்தப்பாகிட்டப் பேனாவைக் குடுக்காதே" என்றாள். நான் அஞ்சாம் கிளாஸ் வரைதான் படித்தேன். கையெழுத்துப் போடும் வேலை எப்போதும் இவருடையது. தமிழில் எழுத்துக் கூட்டி என் பெயரைப் போட்டேன். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. மச்சினர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு இவரை ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பத் திரும்ப வலிப்பு வந்ததால் தூக்க மருந்து கொடுத்து, வாயில் குழாய் வைத்து, மூச்சை மிஷினிடம் விட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். மேலே ஒரு அங்கி, வாயில் முகமூடி. கையில் மருந்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டிலைத் தொட்ட கையால் அடுத்த கட்டிலைத் தொட மாட்டார்கள், நடுவில் மறுபடியும் கையைத் தேய்ப்பார்கள். எங்கள் மாமியார் காலத்து மடி ஆசாரம்கூட இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. எனக்கு அது ஒரு விதத்தில் தைரியமாக இருந்தது. தெரியாத இடத்தில் தெரிந்த ஒரு வழக்கம்.

இவருடைய கட்டிலில் தலைப்பக்கம் தூக்கியிருந்தது. வீக்கம் வடிவதற்காம். மூத்திரப் பையை மணிக்கு ஒரு தரம் அளந்தார்கள். வைரஸுக்குக் கொடுக்கும் மருந்து சிறுநீரகத்தை வருத்தும், அதனால் நிறையத் தண்ணீரும் ஏற்றி, எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று பார்க்க வேண்டுமாம். இதெல்லாம் அந்த டாக்டர் பெண் எனக்குச் சொன்னது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

தூக்க மருந்தைக் குறைத்தபோது அங்கிருந்த சிஸ்டர் என்னிடம், "அம்மே, பேரு விளிக்கூ. உறக்கெ விளிக்கூ" என்றாள். பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட வேண்டுமாம். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. குனிந்து காதருகில், "ஏன்னா" என்றேன். இவர் அசையவில்லை. சிஸ்டர் என்ன நினைத்தாளோ, அவளும் இன்னொரு பக்கம் குனிந்து, "ஏன்னா! கண்ணு துறக்கூ, ஏன்னா!" என்று கூவினாள். அன்றிலிருந்து அந்த ஐசியுவில் இவருக்கு அதுதான் பெயர். "ஏன்னாவிண்டெ மருந்நு எவிடெ?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்பாள். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டுமானால் உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டுமே.

அப்புறம் குழாயை எடுத்தார்கள். தானே மூச்சு விட்டார். ஆனால் விழிக்கவில்லை. கண்ணைத் திறந்தாலும் பார்வை எதிலும் நிற்கவில்லை. பெங்களூரிலிருந்து எங்கள் பெண் வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவளையும் மச்சினரையும் என்னையும் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள்.

மச்சினர் வெளியே வந்தபோது கண்ணெல்லாம் ஜலம். "மன்னி, போய்ப் பாருங்கோ. நினைவே இல்லை, ஆனா உதடு காயத்ரி சொல்றது! விரல்கூட எண்ணறது!"

நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. வலது கைப் பெருவிரல் மற்ற விரல்கள்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. கைகூப்பிக்கொண்டு நின்றேன். உடம்பு முழுக்க ஊசியும் ஒயருமாகக் கிடக்கும்போதும் இது மட்டும் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் வீடு வருவதற்குள் தெருவுக்கெல்லாம் சேதி போய்விட்டது. ஒரு மாமி நான் பூட்டைத் திறப்பதற்குள் வந்து, "உன் மாங்கல்யம் கெட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நான் உள்ளே நின்றுகொண்டிருந்தபோது டாக்டர் பெண் வந்தாள். இவர் உதட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது எப்பத்துல இருந்து?"

கண்ணாடிக்கு வெளியே நின்ற மச்சினர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஜபம் டாக்டர். நேத்துலேர்ந்து பண்றார்."

அவள் சிரிக்கவில்லை. இவர் தோளைத் தட்டினாள். மார்பெலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தினாள். இவர் முகம் சுளிக்கவில்லை, உதடு தன்பாட்டுக்கு அசைந்தது. ஒரு மிஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். தலை முழுக்கப் பசை தடவிச் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் கோடுகள் ஓடின.

"அம்மா, இங்க வாங்க. இந்தக் கோட்டைப் பாருங்க. இது இப்படிக் கூரா குதிக்கும்போதெல்லாம் உதடு அசையுது பாத்தீங்களா? வலிப்பாக்கும். கை காலு வெட்டாத வலிப்பு. வெளிய அடங்கிப் போச்சு, உள்ள நடந்துக்கிட்டே இருக்கு. விட்டா மூளை இன்னும் கெடும்."

நான் கோட்டைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்துதான் போயின. அன்றைக்குக் கூடத்தில் அடுக்களை வாசலில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்ததும் இதுதானா?

"வீட்லயும் இதே மாதிரியா இருந்துது?" என்று அவளே கேட்டாள்.

"இதே மாதிரிதான்" என்றேன். நான் அவளிடம் வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். தொடங்கிய பிறகு நிற்கவில்லை. "ஜபம்னா கூப்பிட்டா கோபம் வரும். ம்ம்னு அதட்டுவார். அன்னிக்குப் பஞ்சபாத்திரம் கவிழ்ந்து ஜலம் எல்லாம் ஓடித்து, ம்ம் சொல்லலை."

"அப்பம் அந்தக் கோபம் வந்தா எனக்குச் சொல்லுங்க. நானும் அதைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றாள் அவள்.

வேறொரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்தேன். அசைவு குறைந்து, விட்டு விட்டு வந்து, நின்றுவிட்டது. பெருவிரல் நடுவிரல்மேல் அப்படியே நின்றது. நல்லதுதான் நடக்கிறது என்று புத்திக்குத் தெரியும். ஆனால் யாரோ ஸ்வாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாயை மூடிவிட்ட மாதிரி மனசு பதறியது. மச்சினர் வெளியே, "ஜபம் பண்றவரை மருந்து குடுத்துத் தூங்கப் பண்றாளே" என்று என் பெண்ணிடம் புலம்பிக்கொண்டிருந்தார். அவள், "சித்தப்பா, சும்மா இருங்கோ" என்றாள்.

போகும்போது டாக்டர் பெண்ணிடம் ஒன்று கேட்டேன். "அதுல கொஞ்சமாவது ஜபம் இருந்திருக்குமா?"

"எனக்குக் கோடு மட்டுந்தாம்மா தெரியும். அதுக்குள்ள என்ன இருந்துதுண்ணு தெரியாது."

நன்றாகப் படித்தவள் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

முதுகு நீரின் முடிவு வந்தது. உதட்டோரத்தில் கொப்புளம் வருமே, அந்த ஜாதி வைரஸ்தானாம். பல பேர் உடம்பில் பேசாமல் கிடக்குமாம், எவனோ ஒருவனுக்கு மூளைக்கு ஏறுமாம். ஏன் இவருக்கு என்றால் அதற்கும் பதில் இல்லை. முதல் நாளே தொடங்கிய மருந்துதான் சரியான மருந்து, மூன்று வாரம் ஊசியாகவே போக வேண்டும் என்றார்கள். மருந்து நேரத்தில் தொடங்கியதால் ஆள் பிழைப்பார், ஆனால் எவ்வளவு திரும்பி வருவார் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். அதற்கப்புறம் என் கவலையெல்லாம் அந்த ஒன்றுதான். இந்த உடம்புக்குள் இவர் திரும்பி வருவாரா?

ஒரு நாள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். பார்வை நின்றது. குரல் கரகரவென்று வந்தது.

"நீ யாராத்துப் பொண்ணு?"

எங்கள் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்குப் போல வெட்கமாக இருந்தது. ஸ்ரீவராகத்தில் இருந்த என் அப்பா வீட்டின் அடையாளத்தைச் சொன்னேன். "ஓ, அந்த ஆத்துப் பொண்ணா" என்றார். "நல்லவா. அவாத்துல காப்பி நன்னா இருக்கும்." அவ்வளவுதான், தூங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து நான் யார் என்று தெரிந்தது. தெரிந்தவுடன், "கண்ணாடியை எங்கே வச்சே?" என்று கேட்டார்.

இப்போது வீட்டில் இருக்கிறோம். பழைய கதையெல்லாம் பளிச்சென்று சொல்கிறார். பெண் பெங்களூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சியதற்குப் போய் வந்தோமே, அது நினைவில் இல்லை. பால் வந்ததா என்று கேட்பார், வந்தாச்சு என்பேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்பார். வலிப்பு மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது டாக்டர் பெண் என்னை உட்காரவைத்துச் சொல்லி அனுப்பினாள். உதடு அசைந்து பார்வை நிலைகுத்தினால் கூப்பிட வேண்டும், தொட வேண்டும், ஏதாவது கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, போன் பண்ண வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. "சாவியும் வேண்டாம், கேட்டீங்களா?" என்றாள். மச்சினர் தரையைப் பார்த்தார்.

ஜபத்துக்கு மட்டும் இவர் உட்காரவில்லை. நான் சொல்லவும் இல்லை. தெருவிலிருந்து யாராவது பார்க்க வந்தால், ஐசியுவில் நினைவில்லாமல் காயத்ரி சொன்ன கதையை மச்சினர் இன்னும் சொல்கிறார். வந்தவர்கள் கைகூப்புகிறார்கள். நான் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். கோட்டின் கதையைச் சொல்ல எனக்கு வராது.

போன வாரம் காலையில் நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் கூடத்தில் இவர் மணையில் உட்கார்ந்திருக்கிறார். தானே குளித்து, தானே பஞ்சபாத்திரத்தில் ஜலம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். மேல்துண்டு கையை மூடியிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. ஒரு மயிரிழைகூட வித்தியாசம் தெரியவில்லை. திரையில் கோடு காட்ட இங்கே மிஷின் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன், ஜபமாக இருக்க வேண்டுமே என்று. வாசலில் மச்சினர் வந்து நின்றார். முகமெல்லாம் மலர்ந்து, வழக்கம் போல உதட்டில் விரலை வைத்தார்.

"ஏன்னா" என்றேன்.

பதில் இல்லை.

"மன்னி, ஜபத்துல!" என்று மச்சினர் குசுகுசுத்தார்.

நான் இன்னும் குளிக்கவில்லை. கையெல்லாம் மாவு. போய் இவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்னா, பால் வந்தாச்சா?"

இவர் தலை திரும்பியது. மாவு ஒட்டிய தோளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் சிவந்தது.

"ம்ம்ம்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். கையை வீசி என்னை அடுக்களைப் பக்கம் விரட்டினார். மச்சினர் செருப்பைக்கூடப் போடாமல் தன் வீட்டுக்கு நடந்துவிட்டார். நான் அடுக்களையில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் உதடு அசைய ஆரம்பித்திருக்கும் என்று தெரியும். தலையை மட்டும் நீட்டி இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"ம்ம்!"

கோபம் வந்துவிட்டதென்று டாக்டர் பெண்ணுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். இப்போது தினமும் ஜபத்தின் நடுவில் இவரைக் கூப்பிடுகிறேன். தினமும் திட்டு வாங்குகிறேன்.